பழைய கணினி எவருக்குச் சொந்தம்?

2025ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதம் 14ஆந் திகதி, உலகெங்கும் பல கோடி வீடுகளிலிருந்த கணினிகளுக்கு முதுமைப் பட்டம் கட்டப்பட்டது. அவற்றின் சொந்தக்காரர் கட்டவில்லை. அவற்றைச் செய்து விற்ற தொழிற்சாலைகளும் கட்டவில்லை. மைக்ரோசொப்ட் என்னும் அமெரிக்கக் கம்பெனி, 2015ஆம் ஆண்டு யூலை மாதத்தில் தான் வெளியிட்ட விண்டோஸ் 10 என்ற பணிசெயல் முறைமைக்குரிய வழமையான பாதுகாப்புத் திருத்தங்களை அன்றுடன் நிறுத்திக்கொண்டது. அடுத்து வந்த விண்டோஸ் 11க்கு மாறிக்கொள்ளலாமே என்பார்க்கு, அதற்கென விதிக்கப்பட்ட நிபந்தனைகள் குறுக்கே நிற்கின்றன. ஏறத்தாழ 2018ஆம் ஆண்டுக்கு முன் செய்யப்பட்ட கணினிகளிற் பெரும்பாலானவை, எவ்வளவு நன்றாக வேலை செய்தாலும், அந்நிபந்தனைகளுக்கு அமைய மாட்டா. கம்பெனியிடம் பெயர் பதிந்து கணக்கு வைத்துக்கொள்வோருக்கு 2026 ஒக்டோபர் 13 வரை ஓராண்டுத் தவணை கொடுக்கப்பட்டது. தவணை என்ற சொல்லின் பொருளை நம் மக்களுக்கு விளக்க வேண்டியதில்லை. இம்முடிவால் 24 கோடிக் கணினிகள் குப்பைக்குப் போகக்கூடுமென்று கனாலிஸ் என்னும் சந்தை ஆய்வு நிறுவனம் 2023 டிசம்பரிலேயே மதிப்பிட்டிருந்தது.

அமெரிக்கக் கம்பெனியின் தீர்மானத்துக்கும் கம்பளைக்கும் றம்பொடைக்கும் இடையே மலைச்சரிவில் ஒட்டிக்கொண்டிருக்கும் புசல்லாவைக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பார் இருக்கலாம். நிறையச் சம்பந்தம் உண்டு. எமது பகுதியில் ஓர் ஆசிரியர் வீட்டிலோ, மரக்கறித் தோட்டக்காரர் வீட்டிலோ, தோட்டத்து உத்தியோகத்தர் வீட்டிலோ ஒரு கணினி இருக்குமானால், அது பெரும்பாலும் பழைய கணினியே. கொழும்பிலோ கண்டியிலோ ஓர் அலுவலகம் கழித்துவிட்டதைக் கைமாற்றாக வாங்கியதாக இருக்கும். அல்லது வெளிநாட்டிலிருக்கும் உறவினர் வரும்போது கொண்டுவந்து கொடுத்ததாக இருக்கும். 2020, 2021ஆம் ஆண்டுகளில் பாடசாலைகள் மூடப்பட்டுப் பாடங்கள் இணையவழியாக நடந்தபோது, ஒரு கைத்தொலைபேசியை மூன்று பிள்ளைகள் முறைவைத்துப் பார்த்த வீடுகள் எத்தனை! குடிசன மதிப்பீட்டுத் திணைக்களம் கணினி அறிவைப் பற்றி எடுத்துவரும் கணக்கில் நகரம், கிராமம், தோட்டம் என்ற மூன்றில் தோட்டமே கடைசியில் நிற்கிறது. 2022இல் ரூபாய் வீழ்ந்தபின் நிலைமை இன்னும் இறுகிற்று. நம்பி வாங்கத்தக்க ஒரு புதிய மடிக்கணினி இலட்சம் ரூபாயைத் தாண்டிவிட்டது. 2024 செப்டம்பரில் தோட்டத் தொழிலாளரின் அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபாயாக நிர்ணயிக்கப்பட்டது. அந்தக் கணக்கில், உண்ணாமல் உடுக்காமல் 75 நாட் சம்பளத்தைச் சேர்த்தாலன்றி அந்த இலட்சம் ரூபாய் வராது. இத்தகைய மக்களிடம், கையிலுள்ள கணினி இனி உதவாது, புதியதை வாங்கு என்று சொல்வது என்ன நியாயம்?

அந்தக் கணினி உதவும் என்பதே யான் சொல்ல வந்தது. உதவுவது மட்டுமன்று, முன்னொருபோதும் இல்லாத வகையில் அது நமக்குச் சொந்தமாகவும் ஆகும்.

பணிசெயல் முறைமை என்றால் யாதென ஓரிரு சொற்களில் கூறிவிட்டு மேற்செல்கிறேன். தமிழ்நாட்டார் இதனை இயங்குதளம் என்பர். தோட்டத்துக்குக் கணக்கப்பிள்ளை எப்படியோ, கணினிக்கு அது அப்படி. எந்த வேலை முந்தியது, எது பிந்தியது, எவருக்கு எவ்வளவு இடம், யார் உள்ளே வரலாம் என்பனவற்றையெல்லாம் தீர்மானிப்பது அதுவே. விண்டோஸ் அத்தகைய ஒரு கணக்கப்பிள்ளை. அவர் ஒருவரே உலகத்திலுள்ள கணக்கப்பிள்ளை என்று நம்மிற் பலர் எண்ணிக்கொண்டிருக்கிறோம். யுனிக்ஸ் என்னும் குலத்தில் வந்த லினக்ஸ் முதலிய வேறு முறைமைகள் முப்பதாண்டுகளுக்கு மேலாக இருந்துவருகின்றன. பணம் கொடாமல் அவற்றைப் பெறலாம். பழைய கணினியில் நிறுவலாம். பிறர்க்குப் படியெடுத்துக் கொடுக்கலாம்.

யுனிக்ஸ் பிறந்த கதையே பழைய கணினியின் கதைதான். 1969ஆம் ஆண்டு, அமெரிக்காவின் நியூ ஜேர்சி மாநிலத்திலுள்ள பெல் ஆய்வுகூடத்தில், கென் தொம்சன் என்பார், அதிகம் எவரும் தொடாமற் கிடந்த பிடிபி-7 என்ற கணினியொன்றைத் தேடிப்பிடித்து, அதிலேயே யுனிக்ஸின் முதல் வடிவத்தை எழுதினார். டெனிஸ் றிச்சியும் பிறரும் கூடி அதனை வளர்த்தனர். அந்த ஆய்வுகூடத்தின் உடைமையாளரான தொலைபேசிக் கம்பெனி, தொலைபேசித் தொழிலுக்குப் புறம்பான வியாபாரத்தில் இறங்கலாகாதென்று 1956இல் ஓர் இணக்கத் தீர்ப்பாற் கட்டுண்டிருந்தது. (1956 என்றவுடன் நம் மக்களுக்கு வேறொரு சட்டமே நினைவுக்கு வரும்; அது வேறு கதை.) அத்தீர்ப்பின் காரணமாக, யுனிக்ஸை அக்கம்பெனி கடைச்சரக்காக விற்க முடியவில்லை, பல்கலைக்கழகங்களுக்குச் சொற்ப விலைக்குக் கொடுத்தது. மாணவரும் ஆசிரியரும் அதைத் திறந்து பார்த்தனர், படித்தனர், திருத்தினர். 1984இல் அக்கம்பெனி பிளவுபட்டுப் பழைய தடை நீங்கியதும், கதவு மெல்ல மெல்லச் சாத்தப்பட்டது. கதவு சாத்தப்படும் காலத்தில், 1983 செப்டம்பரில், றிச்சார்ட் ஸ்டோல்மன் என்பவர் யாவருக்கும் பொதுவானதோர் யுனிக்ஸை எழுதப் போவதாக அறிவித்தார். அவருடைய முயற்சியில் விடுபட்டிருந்த கருப்பகுதியை, 1991இல் ஹெல்சிங்கி பல்கலைக்கழக மாணவரான லினஸ் டோர்வால்ட்ஸ் தம் வீட்டுக் கணினியில் எழுதி வெளியிட்டார். அதுவே லினக்ஸ்.

இனி, சட்டத்தொழில் செய்பவன் என்ற முறையில் என் மனத்தை மிகவும் கவர்ந்த பகுதிக்கு வருகிறேன்.

உரிமமும் உறுதியும்

நீங்கள் பணங் கொடுத்து விண்டோஸ் வாங்கினீர்களென்றே வைத்துக்கொள்வோம். அதனுடன் வரும் உரிம ஒப்பந்தத்தை ஒரு தடவை வாசித்துப் பாருங்கள். மென்பொருள் உங்களுக்கு விற்கப்படவில்லை, பயன்படுத்த அனுமதி மட்டுமே தரப்படுகிறது என்று அதில் வெளிப்படையாகவே எழுதியிருக்கும். கணினியுடன் சேர்த்து வந்த பிரதியானால், அக்கணினியை விட்டு வேறொன்றுக்கு அதைக் கொண்டுபோகவும் இயலாது. உள்ளே என்ன இருக்கிறதென்று பார்க்கலாகாது. பழுதிருந்தால் நீங்களே திருத்தலாகாது. உங்கள் தம்பிக்கு ஒரு பிரதி கொடுக்கலாகாது. நான்கு தலைமுறையாக ஒரே லயத்து அறையில் வாழ்ந்து, கூரையொழுகினால் தகரம் மாற்றவும் துரையின் அனுமதியை எதிர்பார்த்திருந்த மக்களுக்கு இந்த ஒப்பந்தத்தின் உட்பொருளை யான் விரித்துரைக்க வேண்டுமா? குடியிருப்பு உண்டு, உறுதி இல்லை.

லினக்ஸை ஆளும் உரிமம் இதற்கு நேர்மாறானது. பொதுமக்கள் உரிமம் என்று தமிழில் வழங்கலாகும் அதன் முதல் வடிவம் 1989இலும், லினக்ஸ் ஏற்றுக்கொண்ட இரண்டாம் வடிவம் 1991இலும் வெளிவந்தன. எந்தக் காரியத்துக்கும் பயன்படுத்தலாம், உள்ளே திறந்து படிக்கலாம், பிறருக்குப் படியெடுத்துக் கொடுக்கலாம், மாற்றியமைத்து மாற்றியதையும் கொடுக்கலாம் என்பன அது தரும் உரிமைகள். அதனுடன் ஒரேயொரு கடமை: வாங்கிய உரிமைகளைக் குறைக்காமல் அடுத்தவருக்கும் கொடுத்தல் வேண்டும். பெற்ற காணியை வேலியடைத்து மற்றவரைத் துரத்த முடியாதபடி எழுதப்பட்ட பொதுக்காணி உறுதி என்று இதனைக் கூறலாம். வெறும் இலட்சியவாதிகளின் காகிதம் இது என்று தொடக்கத்தில் நகைத்தோர் உண்டு. 2004இல் ஜேர்மனியின் மியூனிக் நகர நீதிமன்றம், இவ்வுரிமத்தை மீறிப் பொருள் விற்ற கம்பெனிக்கு எதிராகத் தடையுத்தரவு வழங்கியபோது நகைப்பு அடங்கிற்று.

வேறொரு சட்டப் பிரச்சினையும் இருக்கிறது. அதைப் பேச நம்மவர்க்குக் கூச்சம். சிறு நகரங்களில் பழைய கணினியைத் திருத்தக் கொடுத்தால், திருட்டுப் பிரதி விண்டோஸொன்றைப் போட்டுக் கொடுத்துச் சில ஆயிரம் ரூபாய் வாங்குவது வழமையாகிவிட்டது. 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் கணினி நிரல்களையும் நூல்களோடொப்பப் பாதுகாக்கிறது. மீறியவர் நீதவான் முன்னிலையில் குற்றவாளியாகக் காணப்படின், 5 இலட்சம் ரூபாய் வரை தண்டமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். தெரிந்துகொண்டே அத்தகைய நிரலை வியாபாரத்துக்குப் பயன்படுத்துவோரையும் அச்சட்டம் விட்டுவைக்கவில்லை. தனியார் வகுப்பு நடத்துவோர், அச்சுப் பிரதியெடுக்கும் கடைக்காரர், ஏன், எமது தொழிலைச் சேர்ந்தோருங்கூட இதைச் சிந்திக்க வேண்டும். சட்டத்துக்கு அஞ்ச வேண்டுமென்பதற்காக மட்டும் கூறவில்லை. நேர்மையாகப் பெறக்கூடிய நல்ல பொருள் கைக்கெட்டிய தூரத்தில் இருக்கையில், களவாடியதைப் பிள்ளைகளுக்கு முதற்பாடமாக வைப்பானேன்?

செய்து பார்த்தது

கேட்டதைக் கொண்டு எழுதுவதிலும் செய்து பார்த்து எழுதுவது மேல். எமது வீட்டில் 2011இல் வாங்கிய மேசைக் கணினியொன்று உண்டு. 2 ஜிபி ராம், சுழலும் வன்தட்டு. விண்டோஸ் ஏறி முடிய ஏழெட்டு நிமிடமாகும். அதற்குள் தேநீர் போட்டுக் குடித்துவிடலாம். கண்டியில் ஒரு திருத்துநர் அதனைப் பார்த்துவிட்டு, பழைய இரும்புக்காரரிடம் கொடுக்குமாறு புத்தி சொன்னார். அதற்கு மாறாக, பழைய ராம் துண்டொன்றை வாங்கி 4 ஜிபியாக உயர்த்தி, சுழலும் தட்டுக்குப் பதிலாக எஸ்.எஸ்.டி. எனப்படும் சிறிய தட்டொன்றைப் பூட்டி, டெபியன் என்னும் லினக்ஸ் தொகுப்பை நிறுவினேன். இப்பொழுது ஒரு நிமிடத்துக்குள் கணினி ஆயத்தமாகிவிடுகிறது.

டெபியனைத் தேர்ந்ததற்குக் காரணம் கூற வேண்டும். 1993இல் தொடங்கிய இத்தொகுப்பு எந்தக் கம்பெனிக்கும் சொந்தமானதன்று. உலகெங்குமுள்ள தொண்டர்கள் தமக்குள் யாப்பு வகுத்து, தலைவரை ஆண்டுதோறும் வாக்களித்துத் தெரிவுசெய்து நடத்துவது. அரசியல் வேலை செய்பவனுக்கு இது பிடிக்காமலிருக்குமா? அன்றியும், அதன் நிறுவும் படிமுறை தமிழிலேயே அமையக்கூடியது. தொடக்கத் திரையில் வரைகலை முறையைத் தேர்ந்து, மொழிப் பட்டியலிற் தமிழைத் தொட்டால் போதும். நாடு இலங்கை என்றால் நேரமும் நாணயமும் தாமே பொருந்திவிடும். தொடக்கநிலையினர்க்கு லினக்ஸ் மின்ட் என்னும் தொகுப்பு இன்னும் இலகு என்பர், அதுவும் நன்றே.

செய்முறை கடினமன்று, ஆயினும் வரிசை தவறலாகாது. முதலில், பழைய கணினியிலுள்ள படங்கள், கடிதங்கள், கணக்குகள் யாவற்றையும் வேறோர் இடத்திற் பிரதி எடுத்து வைக்க வேண்டும். நிறுவும்போது தட்டு முழுவதும் அழிக்கப்படும், அழிந்தது மீளாது. பின்பு, வேறொரு கணினியில் டெபியன் கோப்பை இறக்கி, அதை ரூபஸ் போன்ற ஒரு சிறு நிரலின் உதவியால் பென்ட்ரைவ் ஒன்றில் எழுத வேண்டும். சாதாரணக் கோப்பைப்போல் இழுத்துப் போட்டால் வேலை செய்யாது. பழைய கணினியை இயக்கும்போது எப்-12, எப்-9, எஸ்கேப் என்பவற்றுள் ஒரு விசையை அழுத்தினால், எதிலிருந்து தொடங்குவதென்று கேட்கும். பென்ட்ரைவைக் காட்டுக. உடனே நிறுவ வேண்டுமென்பதில்லை. நேரடிப் பிரதி எனப்படும் வகையை எடுத்துக்கொண்டால், தட்டைத் தொடாமலேயே பென்ட்ரைவிலிருந்து ஓட்டிப் பார்க்கலாம். வைபை பிடிக்கிறதா, ஒலி கேட்கிறதா, அச்சுப்பொறி பேசுகிறதா என்று ஒரு மாலைப்பொழுது சோதித்துவிட்டுப் பின்னர் தீர்மானிக்கலாம். மாப்பிள்ளை வீட்டை விசாரிக்காமற் பெண் கொடுப்பாருண்டோ! முகப்புச் சூழல் எதுவென்று கேட்குமிடத்தில், பழைய கணினிக்கு எக்ஸ்எப்சிஈ அல்லது எல்எக்ஸ்கியூடி என்பதைத் தெரிவுசெய்வது புத்தி. மின்னும் அலங்காரங்கள் அவற்றில் இல்லை, வேகம் உண்டு.

மலைநாட்டிற் பழங்கணினி வைத்திருப்போர் கவனிக்க வேண்டிய சிறு விடயம் ஒன்று. உள்ளே நாணயம் போன்ற ஒரு சிறிய மின்கலம் உண்டு. மின்சாரம் இல்லாதபோது நேரத்தைக் காத்து வைப்பது அதுவே. அது செத்துவிட்டால் கணினி ஒவ்வொரு நாளும் பத்துப் பதினைந்து ஆண்டு பின்னோக்கிப் போய்விடும். திகதி பிழையானால் இணையத்தளங்கள் பாதுகாப்பில்லையென்று வாயிலிலேயே மறித்துவிடும். கணினி கெட்டுவிட்டதென்று பலர் எண்ணுவது இந்த மின்கலக் கோளாற்றைத்தான். மணிக்கூட்டுக் கடையிலேயே அது கிடைக்கும்.

இயலாதவற்றையும் மறைக்காமற் கூறுதல் வேண்டும். 1 ஜிபி ராம் மட்டுமுள்ள கணினியில் லினக்ஸ் ஓடும். ஆனால் இன்றைய இணையப் பக்கங்கள் அதனை மூச்சுத் திணறச் செய்யும். அதைத் தட்டெழுத்துக்கும் கணக்குக்கும் வைத்துக்கொள்க. 32 பிட் எனப்படும் மிகப் பழைய வகைக் கணினிகளுக்கு, 2025 ஓகஸ்டில் வந்த டெபியன் 13 நிறுவுவதற்கு வகைசெய்யவில்லை. அவற்றுக்கு 2023இன் டெபியன் 12 ஏற்றது. அதற்கு 2028 யூன் வரை நீண்டகாலப் பராமரிப்பு உண்டு. அதற்கும் பின்னாலுள்ளவர்களுக்கு நெட்பிஎஸ்டி என்ற யுனிக்ஸ் வழித்தோன்றல் இருக்கிறது. அது பொறுமையுள்ள வாலிபர்க்கே உரியது. மலிவான லேசர் அச்சுப்பொறிகளிற் சில லினக்ஸுடன் ஒத்துழைக்க மறுக்கும். கணக்காய்வாளர் பயன்படுத்தும் சில வணிக நிரல்கள் விண்டோஸில் மட்டுமே உள்ளன. அத்தகையோர் மாற வேண்டுமென்று யான் வற்புறுத்தமாட்டேன்.

எமது எழுத்தின் சங்கடம்

இலங்கைத் தமிழர்க்கே உரிய தடையொன்று உண்டு. அதற்குப் பெயர் பாமினி. எமது வழக்கறிஞர்களின் எழுதுவினைஞர் முதல் பாடசாலை அலுவலகம், அச்சகம் வரை அந்த எழுத்துருவிலேயே பழகிவிட்டனர். பாமினியில் தட்டெழுதினால் திரையில் தமிழ் தெரியும். கணினியின் உள்ளேயோ ஆங்கில எழுத்துக் கோவைதான் இருக்கும். எழுத்துரு இல்லாத கணினியில் அதே கடிதத்தைத் திறந்தால் பொருளற்ற ஆங்கிலக் குப்பை வந்து நிற்கும். தேடினாற் கிடைக்காது, அகரவரிசைப்படுத்த முடியாது. 1987இன் 13ஆவது திருத்தத்தால் தமிழும் அரசகரும மொழியாயிற்று. ஆனால் எமது கணினிகளுக்குள் நாமே தமிழை ஆங்கிலமென்று பதிவுசெய்து வைத்திருக்கிறோம்! லினக்ஸிலும் பாமினி எழுத்துருவை நகலெடுத்து வைத்துப் பழைய ஆவணங்களை லிபிரே ஒபிஸில் திறக்கலாம். எனினும் புதியனவற்றை யுனிகோட்டில் எழுதுவதே முறை. எமது தட்டெழுத்தாளருக்குக் கைவந்த ரெங்கநாதன் விசைப்பலகையை அடியொட்டிய இலங்கைத் தமிழ் விசைப்பலகையும், தமிழ்நாட்டின் தமிழ்99 விசைப்பலகையும் லினக்ஸில் அமைத்துக்கொள்ளத் தக்கன. பழக இரண்டு வாரம் செல்லும்.

மொழி விடயத்தில் இன்னொன்று. திரையில் வரும் தமிழ்ச் சொற்களிற் சில எமது காதுக்குப் பொருந்தாமலிருக்கலாம். அவை பெரும்பாலும் தமிழ்நாட்டுத் தொண்டர்கள் மொழிபெயர்த்தவை. கம்பெனியின் மென்பொருளில் ஒரு பிழைச்சொல்லைக் கண்டால் முறைப்பாடு எழுதிவிட்டுக் காத்திருக்கலாம், அவ்வளவே. இங்கோ, புசல்லாவையிலுள்ள ஒரு தமிழாசிரியரும் திருத்தத்தை முன்மொழியலாம். ஏற்கப்பட்டால் அடுத்த வெளியீட்டில் உலகத் தமிழர் எல்லோர் திரையிலும் அச்சொல் தோன்றும்.

பிற இடத்தார் செய்தவை

இவை கைகூடாக் கனவுகளல்ல. தமிழ்நாட்டில் எல்காட் என்னும் அரசாங்க நிறுவனம் 2007ஐ ஒட்டிய ஆண்டுகளில் தன் அலுவலகங்களை லினக்ஸுக்கு மாற்றியது. 2011இல் தொடங்கிய இலவச மடிக்கணினித் திட்டத்தில், விண்டோஸுடன் பொஸ் என்ற இந்திய லினக்ஸும் சேர்த்தே கொடுக்கப்பட்டது. ஆயினும் ஆசிரியரைப் பழக்காமற் பொருளை மட்டும் கொடுத்தால், இரண்டு கதவுள்ள வீட்டில் பழகிய கதவால்தான் பிள்ளைகள் நுழைவர். கேரளம் இதனை நன்குணர்ந்தது. 2000களின் நடுப்பகுதியிலிருந்து அங்கே அரசுப் பாடசாலைகளின் கணினிக் கல்வி படிப்படியாகக் கட்டற்ற மென்பொருளுக்கு மாற்றப்பட்டது. ஆசிரியர் முதலிற் பழக்கப்பட்டனர். பாடநூலும் பரீட்சையும் அதற்கேற்ப அமைந்தன. அந்த மாநிலத்து இடுக்கி மாவட்டத்தில், மூணாறிலும் தேவிகுளத்திலும் தேயிலைத் தோட்டங்கள் இருக்கின்றன. அங்கு கொழுந்து பறிப்போரும் தமிழர். தமிழ்வழிப் பாடசாலைகளும் உண்டு. மூணாற்றுத் தோட்டப் பிள்ளைக்கு இயன்றது புசல்லாவைத் தோட்டப் பிள்ளைக்கு ஏன் இயலாது?

எமது நாடும் பின்தங்கியிருந்ததில்லை. 2004 டிசம்பர் 26இல் ஆழிப்பேரலை வந்தபோது, காணாமற்போனோரையும் முகாம்களையும் நிவாரணத்தையும் பதிவுசெய்ய இலங்கைத் தொண்டர்கள் சில வாரங்களில் எழுதிய சகானா என்ற கட்டற்ற மென்பொருள், பின்னர் 2010இல் ஹெயிட்டி நிலநடுக்கத்தின்போதும் உதவியது. பேராதனைக்கு மேலே நிற்கும் மலையின் பெயரால், ஹந்தானை லினக்ஸ் என்று ஒரு தொகுப்பைச் சிங்கள இளைஞர் முன்னின்று உருவாக்கினர். பெடோரா என்ற தொகுப்பின் அடிப்படையில், பாடசாலைகளையும் வீடுகளையும் மனத்திற்கொண்டு செய்யப்பட்டது அது. சில வெளியீடுகளுக்குப் பின் நின்றுபோயிற்று. நின்றுபோனதற்கு அவர்களைக் குறைசொல்லேன். சிலர் தோளில் மட்டும் ஏற்றப்பட்ட பாரம் எங்கும் நீண்டநாள் நிற்பதில்லை. அந்த மலையின் நிழலில் வாழும் தமிழ் பேசும் மக்களாகிய நாம் அதற்கு எத்தனை கை கொடுத்தோம் என்பதே என் கேள்வி.

பரீட்சைக்கு உதவாதே என்பர் பெற்றோர். சாதாரண தரப் பாடத்திட்டத்திலுள்ள சொல் முறைவழிப்படுத்தல், விரிதாள், நிகழ்த்துகை, தரவுத்தளம் யாவும் லிபிரே ஒபிஸிற் பழகத்தக்கன. அங்கு கற்பிக்கப்படும் பஸ்கால் மொழிக்கும், உயர்தரத்தில் வரும் பைதன் மொழிக்கும் லினக்ஸில் ஒரு சதமும் செலவில்லை. கமக்காரர்க்கு என்ன பயன் என்பார்க்கு ஓர் உதாரணம். அரை ஏக்கர், ஓர் ஏக்கர் தேயிலை வைத்திருக்கும் சிறு உடைமையாளர், நாள்தோறும் தொழிற்சாலைக்குக் கொழுந்து கொடுக்கிறார். தண்ணீர்க் கழிவென்றும் முற்றல் இலைக் கழிவென்றும் நூற்றுக்கு இத்தனை வெட்டப்பட்டு, மாதமுடிவில் ஒரு சிட்டை வருகிறது. கொடுத்த நிறை, வெட்டிய நிறை, மழை பெய்த நாள் என்ற மூன்று நிரல்களை ஒரு விரிதாளில் ஆறு மாதம் எழுதி வந்தால், மழையில்லாத நாளிலும் தண்ணீர் வெட்டப்பட்டதா என்று கண்ணாற் காணலாம். அத்தாளை அச்சிட்டுக்கொண்டு போய்ப் பேசுபவருக்கும், வெறுங்கையுடன் போய் முறையிடுபவருக்கும் கிடைக்கும் மறுமொழி ஒன்றாக இராது. இந்த வேலைக்குப் பதினைந்து வருடக் கணினி தாராளம்.

செய்ய வேண்டியது

இரு கோரிக்கைகளை முன்வைக்கிறேன். முதலாவது அதிகாரிகளிடம். அரசாங்கத் திணைக்களங்களிலும் பிரதேச சபைகளிலும் ஆண்டுதோறும் பொருட்கணக்கெடுப்புச் சபை கூடி, பாவனைக்குதவாதவை என்று ஒதுக்கிய பொருட்களை நிதிப் பிரமாணங்களின்படி ஏலத்தில் விடுகிறது. விண்டோஸ் 10 முடிந்ததைக் காரணங்காட்டி, ஓடக்கூடிய கணினிகள் இரும்பு விலைக்குப் போவதைத் தடுக்க வேண்டும். தட்டிலுள்ள அரசாங்கத் தகவலை முற்றாக அழித்து, லினக்ஸ் நிறுவி, கண்டி, நுவரெலியா மாவட்டங்களின் தோட்டப் பாடசாலைகளுக்கும் நூலகங்களுக்கும் முதலிற் கொடுத்தல் வேண்டும். இதற்குப் புதிய சட்டம் வேண்டியதில்லை. ஒரு சுற்றுநிருபம் போதும். எமது பிரதேச உறுப்பினர்கள் இதை எழுத்தில் கேட்க வேண்டும். வாயாற் கேட்டது கோப்பில் ஏறாது.

இரண்டாவது நம்மவரிடம். பொதுமக்கள் உரிமத்தில் உத்தரவாதம் எதுவுமில்லையென்றும் எழுதியிருக்கிறது. சட்டம் படித்தவன் அதை மறைக்கலாகாது. பழுது வந்தால் வழக்குத் தொடர எதிராளி இல்லை. ஆகவே ஊருக்கு ஊர் திருத்தத் தெரிந்தவர் நாலைந்து பேர் இருந்தாலன்றி இது நிலைக்காது. பாடசாலை விட்டு, உயர்தரப் பெறுபேற்றுக்குக் காத்திருக்கும் பிள்ளைகள் எமது பகுதியில் ஆண்டுதோறும் பலர். கொழும்புக் கடைகளில் வேலை தேடிப் போகுமுன் அவர்களுக்கு மாதக்கணக்கில் ஓய்வு உண்டு. ஒரு மாதத்தில் இந்த வேலையை அவர்கள் தேறிவிடுவர். பழைய மாணவர் சங்கங்களும் கோயில், பள்ளிவாசல் பரிபாலன சபைகளும் ஓர் அறையும் மேசையும் மின்சாரமும் கொடுத்தாற் போதும். ராமும் தட்டும் வாங்கும் செலவை, வசதியுள்ள வைத்தியரும் பொறியியலாளரும் வழக்கறிஞரும் பகிர்ந்துகொள்ளலாம். அவர்கள் வீட்டு மேசைக்கடியில் தூசி படிந்திருக்கும் கணினிகளையும் கூடவே கொடுக்கலாம்.

இணைய வசதி குறைந்த தோட்டங்களுக்கென, ஆயிரக்கணக்கான நிரல்களுடன் கூடிய டெபியன் டிவிடி கோப்பு ஒன்று உண்டு. ஏறக்குறைய 4 ஜிபி. ஒருவர் ஒரு தடவை இறக்கினால் ஊர் முழுவதற்கும் போதும். யான் இறக்கி வைத்திருக்கிறேன். புசல்லாவையிலுள்ள எமது அலுவலகத்துக்கு 8 ஜிபி பென்ட்ரைவுடன் வருவோர், கட்டணமின்றிப் படியெடுத்துச் செல்லலாம். வருமுன் தங்கள் கணினியின் ராம் எவ்வளவு, அச்சுப்பொறியின் பெயரும் இலக்கமும் யாவை என்பதை ஒரு துண்டிற் குறித்துவரின் நேரம் மிச்சமாகும்.